பார்க்காமல் கேட்கும் பிள்ளை

ஆட்டிசம் உள்ள இளையோரின் கண்ணும் காதும்: நம் நகரத்து ஆய்வுகள் சொல்வதும், நம் சபை செய்யக்கூடியதும்



"என் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்." நம் வீடுகளில் பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கட்டளை இது. பெரியவர்கள் பேசும்போது யன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும் தம்பியை மரியாதை தெரியாதவன் என்று சொல்லிவிடுவார்கள். பிரசங்க நேரத்தில் தரையைப் பார்த்தபடி விரல்களை ஆட்டிக்கொண்டிருக்கும் தங்கச்சிக்கு ஆராதனையில் மனமில்லை என்று முடிவுகட்டிவிடுவார்கள்.

ஆட்டிசம் உள்ள பல இளையோரைப் பொறுத்தவரை இந்த முடிவு தலைகீழானது. நன்றாகக் கேட்க வேண்டும் என்பதற்காகவே அவர்கள் பார்வையை விலக்குகிறார்கள். கண்ணுக்கு வருவதையும் காதுக்கு வருவதையும் ஒன்றாகச் சேர்க்கிற வேலை அவர்களுடைய மூளையில் வேறுவிதமாக நடக்கிறது. இதைப் பற்றி இன்று உலகம் அறிந்திருப்பவற்றில் முக்கியமான சில செய்திகள் நாம் வாழும் மொன்றியல் நகரத்திலிருந்தே வந்திருக்கின்றன.

ஆட்டிசத்தை ஓட்டிசம் என்றும், தமிழ்நாட்டில் மதியிறுக்கம் என்றும் எழுதுவார்கள். இது பிறவியிலேயே அமைந்த மூளை வளர்ச்சி வேறுபாடு. வளர்ப்பில் வந்த குறையும் இல்லை, தொற்றுகிற நோயும் இல்லை. கனடாவில் 2019இல் நடந்த சிறுவர், இளையோர் சுகாதாரக் கணக்கெடுப்பின்படி, 1 முதல் 17 வயது வரையானவர்களில் 50 பேருக்கு ஒருவர் ஆட்டிசம் உள்ளவராக அடையாளம் காணப்பட்டிருக்கிறார். ஆகவே ஓய்வுநாள் பாடசாலை நடத்தும் எந்தச் சபைக்கும் இது தூரத்துச் செய்தி அல்ல. நம் பிள்ளைகளில் ஒருவரைப் பற்றியோ, ஆலயத்துக்கு வந்துகொண்டிருந்து இப்போது வராமல் போய்விட்ட ஒரு குடும்பத்தைப் பற்றியோதான் இங்கே பேசுகிறோம்.

சந்தையில் நடப்பது என்ன?

விஷயத்தை விளங்கிக்கொள்ள நமக்கெல்லாம் தெரிந்த ஓர் இடத்தை எடுத்துக்கொள்வோம். பார்க் எக்ஸ்ரென்ஷன் பகுதியில் இருப்பவர்களுக்குப் பார்க் நிலையத்திலிருந்து நீல வழி மெற்றோவில் அடுத்த நிறுத்தம் டு காஸ்டெல்னோ, அதற்கடுத்தது ஜான்-டலோன். இரண்டில் எதில் இறங்கினாலும் சிறிது தூரம் நடந்தால் ஜான்-டலோன் சந்தை. 1933இல் திறந்தபோது அதற்கு 'வடக்குச் சந்தை' என்று பெயர். புதிய பிரான்சின் நிர்வாகியாக 1665இல் கியூபெக் வந்திறங்கிய ஜான் டலோனின் பெயரை 1983இல் அதற்குச் சூட்டினார்கள். பழைய பெயர் இன்றும் அங்குள்ள ஒரு தெருவில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வருடம் முழுவதும் திறந்திருக்கும். குளிர்காலத்தில் பக்கச் சுவர்கள் அடைத்து உள்ளே நடக்கும்.

கோடையில் ஒரு சனிக்கிழமை பதினொரு மணிக்கு அங்கே நின்றால், ஸ்ட்ரோபெரிச் சிவப்பும் மிளகாய்ப் பச்சையும் வரிசை வரிசையாகக் கண்ணில் அடிக்கும். சுவைத்துப் பார்க்கும்படி ஒருவர் பிரெஞ்சில் கூவியபடி பழத்துண்டை நீட்டுவார். அவருக்குப் பின்னால் பெட்டியை இறக்கும் சத்தம், பக்கத்தில் குழந்தை அழுகை, எங்கோ ஒரு வாத்தியம், தள்ளுவண்டிச் சக்கரம், மீன் கடை வாசனை, முதுகில் உரசிச் செல்லும் பைகள். நம்மில் பெரும்பாலோர் இதை உற்சாகமாக அனுபவிக்கிறோம். அம்மா விலை கேட்கிறபோது கடைக்காரர் சொல்லும் தொகை அந்த இரைச்சலுக்குள்ளும் நமக்குக் கேட்கிறது. அவருடைய உதடு அசைவதைக் கண் பார்த்துக் காதுக்கு உதவி செய்வதால்தான் அது முடிகிறது.

இந்த உதவி தானாக நடக்கிறது. அதனால் அதை நாம் கவனிப்பதில்லை. அந்த உதவி கிடைக்காத ஒருவருக்கு அதே சந்தை எப்படி இருக்கும் என்று எண்ணிப் பார்த்தால் ஆட்டிசத்தின் ஒரு பகுதி விளங்கத் தொடங்கும்.

கண்ணும் காதும் கைகோர்க்கும் விதம்

ஒளி கண்ணுக்கு உடனே வந்துவிடும். ஒலி ஒரு வினாடிக்குச் சுமார் 340 மீற்றர்தான் ஓடும். 34 மீற்றர் தள்ளி நிற்கும் வியாபாரியின் வாய் அசைவை நாம் கண்ட பிறகு, அவர் குரல் பத்தில் ஒரு வினாடி தாமதித்தே நம் காதுக்கு வருகிறது. ஆனால் உடலுக்குள் கதை மாறுகிறது. ஒளியை நரம்புச் செய்தியாக மாற்றக் கண் எடுக்கும் நேரத்தைவிடக் காது எடுக்கும் நேரம் குறைவு. ஆக, ஒரே நிகழ்வின் இரண்டு செய்திகள் மூளைக்கு வெவ்வேறு நேரங்களில் வந்து சேர்கின்றன. மூளை சிறிது இடைவெளியை மன்னித்து, இரண்டையும் ஒரே நிகழ்வு என்று கட்டிவிடுகிறது.

இந்தக் கட்டு எவ்வளவு பலமானது என்பதை 1976இல் இங்கிலாந்தில் ஹாரி மெக்கர்க், ஜோன் மெக்டொனல்ட் என்ற இரண்டு உளவியலாளர்கள் காட்டினார்கள். 'பா' என்று சொல்லும் குரலை, 'கா' என்று அசையும் உதடுகளின் படத்தோடு சேர்த்து ஓடவிட்டார்கள். பார்த்தவர்களில் பலருக்கு இரண்டும் இல்லாமல் 'டா' என்று கேட்டது. கண்ணை மூடினால் மறுபடியும் 'பா'. நாம் கேட்கிறோம் என்று நினைப்பதில் ஒரு பங்கு பார்ப்பது. ஆட்டிசம் உள்ளவர்களுக்கு இந்த மயக்கம் சராசரியாகக் குறைவாகவே ஏற்படுகிறது என்று பிற்காலத்து ஆய்வுகள் பல காட்டியிருக்கின்றன.

அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் மார்க் வாலஸின் குழு 2014இல் வெளியிட்ட ஆய்வு இன்னொரு படி போனது. பேச்சைப் பொறுத்தவரை, ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் மூளை ஒலியையும் ஒளியையும் சேர்ப்பதற்கு விடும் நேர இடைவெளி வழக்கத்தைவிட அகலமாக இருந்தது. இடைவெளி அகலமானால் எந்தச் சத்தம் எந்த உதட்டுக்குரியது என்பது மங்கிப்போகும். வேற்றுமொழிப் படத்தைத் தமிழில் டப்பிங் செய்து, வாயும் வசனமும் பொருந்தாமல் ஓடவிட்டால் நமக்கு எப்படி இருக்கும்? ஐந்து நிமிடத்தில் களைப்பு வரும். திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டு வசனத்தை மட்டும் கேட்கலாமா என்று தோன்றும். நாள் முழுவதும் எல்லா முகங்களும் அப்படி இருந்தால், முகத்தைப் பார்க்காமல் இருப்பது புத்திசாலித்தனமான வழி என்றே சொல்லவேண்டும்.

மொன்றியலில் கண்டது

நம் நகரத்தில் மொன்றியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லோரான் மொத்ரோன், மக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அர்மாண்டோ பெர்த்தோனே ஆகியோரின் குழுக்கள் ஆட்டிசம் உள்ளவர்களின் புலனுணர்வைப் பல வருடங்களாக ஆராய்ந்து வருகின்றன. அவர்களும் ஒலிவியே கொலின்யோன் முதலிய ஆய்வாளர்களும் சேர்ந்து செய்த இரண்டு ஆய்வுகளை மட்டும் இங்கே சொல்கிறோம்.

முதலாவது 2013இல் வெளிவந்தது. திரை முழுவதும் சிறு கோடுகள், சிவப்பும் பச்சையுமாக மாறிக்கொண்டே இருக்கும். அவற்றில் ஒன்றைத் தேடிக் கண்டுபிடிக்கவேண்டும். சந்தையில் நூறு தக்காளிக்குள் ஒன்றைத் தேடுவது போன்ற வேலை. தேடவேண்டிய கோடு நிறம் மாறும் அதே நொடியில் ஒரு சிறு 'பிப்' சத்தம் கேட்டால், மற்றவர்கள் அதை முன்னைவிட வேகமாகக் கண்டுபிடித்தார்கள். அந்தச் சத்தம் இடத்தைச் சொல்வதில்லை. ஆனாலும் காது கண்ணுக்குக் கை கொடுத்தது. ஆட்டிசம் உள்ளவர்களுக்கு அந்தச் சத்தத்தால் பயன் கிடைக்கவில்லை. ஆனால் சத்தமே இல்லாமல் தேடியபோது அவர்கள் மற்றவர்களைவிட வேகமாக இருந்தார்கள். கண் தனியாக வேலை செய்தபோது அவர்களே முந்தினார்கள்.

இரண்டாவது 2019இல் வெளிவந்தது. ஆட்டிசம் உள்ள 20 பேரும் இல்லாத 19 பேரும் கலந்துகொண்டார்கள். எல்லாரும் வாலிபப் பருவத்தினரும் பெரியவர்களும். ஒரு ஒளி மின்னினாலோ, ஒரு 'பீப்' கேட்டாலோ, இரண்டும் சேர்ந்து வந்தாலோ உடனே பொத்தானை அழுத்தவேண்டும். இவ்வளவுதான் வேலை. இதில் முகமும் இல்லை, பேச்சும் இல்லை.

இரண்டும் சேர்ந்து வந்தால் வேகம் கூடும் என்று எதிர்பார்க்கலாம். இரண்டு பேர் ஒரே செய்தியைத் தனித்தனியே ஓடிக் கொண்டுவந்தால், முந்தி வருபவரிடமிருந்து செய்தி கிடைத்துவிடும் அல்லவா? அந்த அளவு வேகம் வெறும் ஓட்டப் பந்தயத்தால் வருவது. ஆய்வாளர்கள் அதைக் கணக்கிட்டு, அதற்கும் மேலான வேகம் தெரிகிறதா என்று பார்த்தார்கள். மேலான வேகம் தெரிந்தால், இரண்டு தூதரும் வழியிலேயே கைகோர்த்து ஒருவராகிவிட்டார்கள் என்று பொருள். ஆட்டிசம் இல்லாத குழுவில் அந்த மேலான வேகம் தெரிந்தது. ஆட்டிசம் உள்ள குழுவில் தெரியவில்லை.

அவர்களுக்குக் கண்ணிலும் குறையில்லை, காதிலும் குறையில்லை. ஒளியும் ஒலியும் வந்து சேர்கின்றன. சேர்ந்து வந்ததால் கிடைக்கவேண்டிய கூடுதல் உதவிதான் கிடைக்கவில்லை. இவ்வளவு எளிய மின்னலிலும் 'பீப்'பிலும் இது நடப்பதால், வேறுபாடு மனிதரோடு பழகும் விருப்பத்தில் தொடங்குவதாக எண்ணவேண்டியதில்லை. அதற்கும் அடியில், புலன்கள் சேரும் இடத்திலேயே அது இருக்கிறது. ஆட்டிசத்தை அடையாளம் காண மருத்துவர்கள் பயன்படுத்தும் அமெரிக்கக் கையேட்டின் 2013ஆம் ஆண்டுப் பதிப்பும் புலனுணர்வு வேறுபாட்டை அடையாளங்களில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது.

இவை சிறு குழுக்களில் கண்ட சராசரிகள். ஆட்டிசம் உள்ள ஒவ்வொருவரும் இப்படித்தான் என்று யாரும் சொல்லவில்லை. சிலருக்கு வெளிச்சம் தாங்காது, சிலருக்குச் சத்தம் தாங்காது, சிலர் சத்தத்தைத் தேடிப் போவார்கள். நம் சபையில் இருக்கும் பிள்ளையை அறிய, அந்தப் பிள்ளையிடமும் அதன் தாய் தகப்பனிடமும் கேட்பதே வழி.

வளரும்போது மாறுகிறது

பெற்றோருக்கு ஆறுதலான ஒரு செய்தியும் உண்டு. நியூயோர்க்கில் ஜோன் பாக்ஸ், சோபி மோல்ஹோம் ஆகியோரின் குழு 2015இல் வெளியிட்ட ஆய்வில், இரைச்சலுக்கு நடுவே சொற்களைக் கேட்கச் சொன்னார்கள். சிலவேளை பேசுபவரின் முகம் தெரியும், சிலவேளை தெரியாது. நம் சந்தைக் காட்சியேதான். பன்னிரண்டு வயதுக்குட்பட்ட ஆட்டிசப் பிள்ளைகளுக்கு முகம் தெரிந்தபோது கிடைத்த உதவி, மற்றப் பிள்ளைகளுக்குக் கிடைத்ததைவிட மிகக் குறைவு. பதின்மூன்று வயதைத் தாண்டியவர்களிடம் அந்த வித்தியாசம் பெரும்பாலும் மறைந்திருந்தது. அந்த ஆய்வில் இருந்தவர்கள் பேச்சுத்திறன் நன்றாக உள்ள பிள்ளைகள். எல்லாருக்கும் ஒரே வயதில் நடக்கும் என்று இதை எடுத்துக்கொள்ள முடியாது. ஆனாலும் எட்டு வயதில் ஆலய இரைச்சலில் தடுமாறிய பிள்ளை பதினாறு வயதிலும் அப்படியேதான் இருப்பான் என்று கதவைச் சாத்திவிடக்கூடாது.

பார்வையை விலக்குவது பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். கடினமான கணக்கு ஒன்றைக் கேட்டால் நாம் எல்லாருமே கூரையைப் பார்ப்போம். பிரித்தானியாவில் க்வினத் டொஹர்ட்டி-ஸ்னெடன், டெபரா ரிபி ஆகியோர் 2012இல் வெளியிட்ட ஆய்வு, ஆட்டிசம் உள்ள பிள்ளைகளும் யோசிக்கும்போது மற்றவர்களைப் போலவே பார்வையை விலக்குகிறார்கள் என்று காட்டியது. மூளையின் பாரத்தைக் குறைத்துக்கொள்ள மனிதர் செய்யும் பொதுவான வழி அது. அந்த நேரத்தில் "என்னைப் பார்!" என்று அதட்டினால், பிள்ளை பார்க்கும். ஆனால் நாம் கேட்ட கேள்வி அதன் கையிலிருந்து நழுவிப்போகும்.

வாசலை மாற்றினால்

மொன்றியலில் மொத்ரோனோடு பணியாற்றியவர்களில் மிஷெல் டோசன் என்ற ஆய்வாளரும் ஒருவர். அவரே ஆட்டிசம் உள்ளவர். அவரும் குழுவினரும் 2007இல் ஒரு கேள்வியை ஆராய்ந்தார்கள்: ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் அறிவை நாம் சரியான அளவுகோலால்தான் அளக்கிறோமா? வழக்கமான நுண்ணறிவுச் சோதனையில் பல கேள்விகளை வாயால் கேட்பார்கள், பிள்ளை வாயால் பதில் சொல்லவேண்டும். ரேவன் என்பவர் உருவாக்கிய இன்னொரு சோதனையில் எல்லாமே படங்கள். விடுபட்ட வடிவத்தைக் கண்டுபிடிக்கவேண்டும். ஆட்டிசம் உள்ள 38 பிள்ளைகளுக்கு இரண்டையும் கொடுத்தார்கள். நூறு பேரை வரிசையில் நிறுத்தியதாக வைத்துக்கொண்டால், படச் சோதனையில் அவர்களுடைய இடம் சராசரியாக 30 படிகள் மேலே போனது. சிலருக்கு 70 படிகளுக்கும் மேல்.

பிள்ளை அதே பிள்ளைதான். கேள்வி உள்ளே போகும் வாசல் மட்டும் மாறியது. ஓய்வுநாள் பாடசாலை ஆசிரியர்கள் இந்த ஒன்றை மனதில் வைத்தாலே போதும். மனன வசனத்தைச் சொல்லத் தெரியாத பிள்ளை, அதே வசனத்தின் சொற்களைச் சீட்டுகளில் கொடுத்தால் நொடியில் வரிசைப்படுத்திவிடலாம்.

தமிழை விட்டுவிட வேண்டுமா?

வீட்டில் தமிழ், பாடசாலையில் பிரெஞ்சு, தெருவில் ஆங்கிலம் என்று மூன்று மொழிகளுக்குள் நம் பிள்ளைகள் வளர்கிறார்கள். காதுக்கு ஏற்கனவே பாரம் கூடுதல், ஆகவே தமிழை நிறுத்திவிடுங்கள் என்று சில பெற்றோருக்கு யாராவது அறிவுரை சொல்லியிருப்பார்கள். மக்கில் பல்கலைக்கழகத்தில் அபர்ணா நடிக், அனா மரியா கொன்சாலஸ்-பரேரோ ஆகியோர் மொன்றியலின் இருமொழிப் பிள்ளைகளோடு செய்த ஆய்வுகளில், இரண்டு மொழி பேசுவது ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்குத் தீங்கு செய்ததாகத் தெரியவில்லை. அட்டைகளை முதலில் நிறத்தால் பிரித்து, பிறகு வடிவத்தால் பிரிக்கச் சொல்லும் ஒரு பயிற்சியில் இருமொழிப் பிள்ளைகளே மேலாகச் செய்தார்கள். இதுவும் சிறிய ஆய்வுதான். என்றாலும் அம்மம்மாவோடு பேசும் மொழியைப் பயத்தினால் பிள்ளையிடமிருந்து பறிக்கத் தேவையில்லை. எந்த மொழியானாலும் குறுகிய வாக்கியம், ஒரு நேரத்தில் ஒரு குரல் என்பதே முக்கியம்.

வேதம் காட்டும் வழி

மாற்கு 7ஆம் அதிகாரத்தின் முடிவில் ஆண்டவர் தெக்கப்போலி நாட்டில் ஒரு மனிதனைச் சந்திக்கிறார். அவன் காது கேளாதவன், பேச்சும் திக்கியது. அவனுக்கு ஆட்டிசம் இருந்தது என்று நாம் சொல்லவில்லை. ஆனால் ஆண்டவர் அவனை அணுகிய விதத்தைப் பாருங்கள். கூட்டத்தின் நடுவில் வைத்து அவர் எதையும் செய்யவில்லை. முதலில் அவனைத் தனியே அழைத்துக்கொண்டு போகிறார். பிறகு விரல்களை அவன் காதுகளில் வைக்கிறார், நாவைத் தொடுகிறார், வானத்தை அண்ணாந்து பார்க்கிறார். காது கேளாதவனுக்குப் புரியக்கூடிய தொடுகையாலும் சைகையாலும் முதலில் பேசிவிட்டு, கடைசியில்தான் ஒரே ஒரு சொல்லைச் சொல்கிறார். இரைச்சலிலிருந்து விலக்கி, ஒன்றன்பின் ஒன்றாக, அந்த மனிதனுக்குத் திறந்திருந்த வாசல் வழியாக உள்ளே போனார்.

பவுல் 1 கொரிந்தியர் 12இல் சரீரம் முழுவதும் கண்ணாக இருந்தால் கேட்பது எங்கே என்று கேட்பதை நாம் பலமுறை தியானித்திருக்கிறோம். பலவீனமாகத் தோன்றும் அவயவங்களே மிகவும் அவசியமானவை என்பதும் அதே அதிகாரத்தில்தான் வருகிறது. கண் அதிகம் வேலை செய்யும் அவயவமும் காது அதிகம் வேலை செய்யும் அவயவமும் ஒரே சரீரத்தில் இருக்கலாம். ஒன்று மற்றொன்றைப்போல் ஆகவேண்டிய அவசியம் இல்லை.

யோவான் 9இல் பிறவிக் குருடனைக் கண்ட சீஷர்கள், யார் செய்த பாவம் என்று கேட்டார்கள். இவனுமல்ல, இவனைப் பெற்றவர்களுமல்ல என்ற பொருளில் ஆண்டவர் பதில் சொன்னார். ஆட்டிசம் உள்ள பிள்ளையின் தாயிடம், முற்பிதாக்களின் சாபம், விசுவாசக் குறைவு, ஜெபக் குறைவு என்று பேசுகிறவர்கள் அந்தப் பதிலை மறுபடி வாசிக்கவேண்டும். அந்தத் தாய் ஆலயத்துக்கு வருவதை நிறுத்துவது பிள்ளையின் சத்தத்தால் மட்டும் அல்ல. இப்படிப்பட்ட வார்த்தைகளின் பாரத்தாலும்தான்.

நம் ஆலயத்தில் என்ன செய்யலாம்?

நம் ஆராதனையைச் சந்தையோடு ஒப்பிட்டால் வியப்பாக இருக்கும். ட்ரம்ஸ், கீபோர்ட், கைதட்டல், ஒலிபெருக்கியின் விசில் சத்தம். அதே நேரம் திரையில் பாட்டு வரிகள், அவற்றுக்குப் பின்னால் அசையும் அருவியும் மேகமும். எல்லாம் ஒரே நேரத்தில் வருகின்றன. வாலிபர் ஐக்கியம் இந்த மாதமே தொடங்கக்கூடிய சில காரியங்கள் இவை:

1. பாட்டு வரிகளுக்குப் பின்னால் அசையும் படம் வேண்டாம். ஒரே நிறப் பின்னணி, பெரிய எழுத்து போதும். கண் பலவீனமான அப்பப்பாமாரும் நன்றி சொல்வார்கள்.

2. ஆராதனை ஒழுங்கைச் சனிக்கிழமையே பெற்றோருக்கு அனுப்புங்கள். எத்தனை பாட்டு, எப்போது எழுந்து நிற்பது, எப்போது சத்தம் கூடும் என்று பிள்ளை முன்கூட்டியே அறிந்தால் பாதிப் பயம் போய்விடும்.

3. காது மூடியோ ஹெட்போனோ அணிந்து வரும் பிள்ளையை யாரும் வெறித்துப் பார்க்கவேண்டாம், கழற்றவும் சொல்லவேண்டாம். மூக்குக்கண்ணாடி போல அதுவும் ஓர் உதவி.

4. வாசலுக்கு அருகே ஒரு வரிசையை ஒதுக்குங்கள். ஓர் அமைதி அறையும் இருக்கட்டும். எழுந்து போவதும் திரும்பி வருவதும் அந்தப் பிள்ளைக்கு இயல்பாக இருக்கவேண்டும்.

5. பேசும்போது காட்டவேண்டாம், காட்டும்போது பேசவேண்டாம். படத்தை முதலில் காட்டி, சிறிது நேரம் விட்டு, பிறகு விளக்குங்கள். கேள்வி கேட்டபின் மனதுக்குள் பத்து வரை எண்ணிக் காத்திருங்கள். அதே கேள்வியை வேறு வார்த்தையில் உடனே திரும்பக் கேட்டால் பிள்ளை மறுபடியும் ஆரம்பத்திலிருந்து தொடங்கவேண்டிவரும்.

6. கண்ணைப் பார்க்கும்படி வற்புறுத்தவேண்டாம். கைகுலுக்கலையும் கட்டியணைப்பையும் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். தலையசைத்து வாழ்த்துவதும் சமாதான வாழ்த்துத்தான்.

7. பொறுப்புக் கொடுங்கள். திரையில் வரிகளை மாற்றுவது, ஞானப்பாட்டுப் புத்தகங்களை எண்களின்படி அடுக்குவது, வருகைப் பதிவு எடுப்பது போன்ற, கண் கூர்மையாக இருப்பவர் சிறப்பாகச் செய்யும் வேலைகள் ஆலயத்தில் நிறைய உண்டு.

பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு கத்தினாலோ தரையில் படுத்தாலோ, அதை அடம் என்று எண்ணாதீர்கள். அமெரிக்காவின் டெம்பிள் கிராண்டின் ஆட்டிசம் உள்ள பேராசிரியர். சிறு வயதில் பாடசாலை மணிச்சத்தம் பல்வைத்தியரின் துளைகருவி நரம்பில் பட்டதுபோல் வலித்தது என்று அவர் எழுதியிருக்கிறார். வலிக்கிற பிள்ளைக்குப் புத்திமதி அந்த நேரத்தில் ஏறாது. சத்தத்தைக் குறையுங்கள், கூட்டத்தை விலக்குங்கள். ஒரே ஒருவர் மட்டும், தேவையானால், மெதுவாகப் பேசட்டும்.

சந்தைக்குச் சேர்ந்து போவோம்

வாலிபர் ஐக்கியம் கோடையில் ஜான்-டலோன் சந்தைக்குப் போவதாக இருந்தால், ஆட்டிசம் உள்ள நண்பரையும் அழைத்துப் போகமுடியும். கொஞ்சம் திட்டம்தான் தேவை. சனிக்கிழமை நண்பகலைத் தவிர்த்து, வாரநாளில் காலை நேரத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். முழுச் சந்தையும் வேண்டாம், ஒரு வரிசை போதும். வாங்கவேண்டிய நான்கு பொருள்களின் படங்களை ஒரு தாளில் ஒட்டி அவரிடமே கொடுங்கள். தேடுகிற வேலையில் அவர் உங்களை முந்திவிடுவார். "போதும்" என்பதற்கு ஒரு கைச் சைகையை முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அதைக் காட்டியவுடன், கேள்வி கேட்காமல், எல்லாரும் வெளியே வாருங்கள். வீதியோரத்தில் எந்த இடத்தில் காத்திருப்பது என்றும் முதலிலேயே காட்டிவையுங்கள். பத்து நிமிடத்தில் திரும்பினாலும் அது தோல்வி இல்லை. அடுத்த முறை பதினைந்து நிமிடம் ஆகலாம்.

பேச்சு வேண்டுமானால் திரும்பிவரும் வழியில் பேசுங்கள். மெற்றோ இருக்கையில் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்து, இருவரும் முன்னே பார்த்தபடி பேசும்போது பலருக்குப் பேச்சு எளிதாக வருகிறது. நம் நண்பர் யன்னலைப் பார்த்துக்கொண்டு கேட்கட்டும். அவர் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.

குழுவாகக் கலந்துரையாட

1. மாற்கு 7:31-37ஐ வாசியுங்கள். ஆண்டவர் செய்த ஒவ்வொரு செயலையும் வரிசையாக எழுதுங்கள். எது கண்ணுக்கு, எது தொடுகைக்கு, எது காதுக்கு?

2. கடந்த ஞாயிறு ஆராதனையில் கண்ணுக்கும் காதுக்கும் ஒரே நேரத்தில் வந்தவை எவை? அவற்றில் எதைக் குறைத்தாலும் ஆராதனை குறையாது?

3. நம் சபைக்கு வருவதை நிறுத்திவிட்ட குடும்பம் ஏதேனும் உண்டா? அவர்களிடம் யார், எப்படிப் போய்க் கேட்பது: "நீங்கள் வருவதற்கு நாங்கள் எதை மாற்றவேண்டும்?"

ஜெபம்: கண்ணையும் காதையும் உண்டாக்கின ஆண்டவரே, ஒவ்வொருவரையும் நீர் வேறுவேறாக வனைந்திருக்கிறீர். கூட்டத்திலிருந்து ஒருவனைத் தனியே அழைத்துச் சென்ற உம்முடைய பொறுமையை எங்களுக்கும் தாரும். எங்கள் ஆலயத்தின் சத்தத்தால் வெளியே நிற்கிற பிள்ளைகளுக்காக எங்கள் குரலைத் தாழ்த்தக் கற்றுத்தாரும். ஆமென்.